வெளிப்படை (கணிதம்)

கணிதத்தில் வெளிப்படை என்னும் சொல் இரண்டு வகையாக வழங்குகிறது. ஒரு சமன்பாட்டையோ வரையறையையோ கண்டவுடன், முயற்சி ஏதுமின்றிக் கிடைத்துவிடும் தீர்வை அல்லது பொருளைக் குறிப்பது ஒரு வகை. ஒரு கூற்றின் நிறுவலை எழுதிக்காட்டத் தேவையில்லை என்று சொல்வது மற்றொரு வகை. முன்னது கலைச்சொல்; பின்னது எழுதுபவரின் கருத்து. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. ஆங்கிலத்தின் 'டிரிவியல்' என்ற சொல்லுக்கு அற்பமானது என்ற பொருளும் இருக்கிறது. தமிழ்ப் பாடநூல்களில் உள்ள 'வெளிப்படை'யில் அந்த இழிவு இல்லை. இந்த இடத்தில் தமிழ்ச் சொல்லே பொருத்தமானது.

வெளிப்படைத் தீர்வு

வலப்பக்கம் முழுவதும் 0 ஆக உள்ள நேரியச் சமன்பாடுகளின் தொகுப்பு சமபடித்தானது எனப்படும். மாறிகள் அனைத்துக்கும் 0 என்று கொடுத்தால் அத்தொகுப்பு எப்போதும் நிறைவுபெறும். இதுவே வெளிப்படைத் தீர்வு. இது எல்லாத் தொகுப்புகளுக்கும் பொது என்பதால், இதைக் கூறுவதால் குறிப்பிட்ட ஒரு தொகுப்பைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது. வேறு தீர்வு உண்டா என்பதே கேள்வி.

இரண்டு எண்களின் கூடுதலும் 0, வித்தியாசமும் 0 என்றால் இரண்டு எண்களும் 0 ஆகத்தான் இருக்க முடியும். முதல் எண்ணின் 2 மடங்கையும் இரண்டாம் எண்ணின் 3 மடங்கையும் கூட்டினால் 0 வரும் என்று மட்டும் சொன்னால் நிலைமை வேறு. 3, −2 ஆகிய எண்கள் பொருந்துகின்றன. அவற்றின் மடங்குகளும் பொருந்துகின்றன. இவை வெளிப்படையற்ற தீர்வுகள்.

எண் கோட்பாட்டிலும் இதே முறைதான். ஒவ்வொரு எண்ணையும் 1 வகுக்கும், அந்த எண்ணும் வகுக்கும். இவற்றை ஒதுக்கிய பிறகு வேறு வகுஎண் இல்லாத, 1-ஐ விடப் பெரிய எண்ணே பகா எண். இராமானுசன் பெயரோடு இணைந்த 1729-இன் சிறப்பும் இந்தச் சொல்லைக் கொண்டுதான் விளங்கும். 3-இன் கனத்தோடு 4-இன் கனத்தைக் கூட்டினாலும், 4-இன் கனத்தோடு 3-இன் கனத்தைக் கூட்டினாலும் விடை ஒன்றே. இது வெறும் இடமாற்றம். 1, 12 ஆகியவற்றின் கனங்களின் கூடுதலும் 9, 10 ஆகியவற்றின் கனங்களின் கூடுதலும் 1729. இப்படி இரு மிகை எண்களின் கனங்களின் கூடுதலாக, வெளிப்படையற்ற முறையில் இரு விதமாக எழுதத்தக்க மிகச் சிறிய எண் இதுவே.

சில சமயம் 'வெளிப்படை' வெறும் பெயரளவில் நிற்கிறது. ரீமன் சீட்டா சார்பு −2, −4, −6 முதலிய எண்களில் 0 ஆகிறது. இவை வெளிப்படைப் பூச்சியங்கள் எனப்படும். புதிதாகப் படிப்பவர் எவருக்கும் இது பார்த்த உடனே தெரியாது. அச்சார்பு நிறைவு செய்யும் சமன்பாடு ஒன்றை அறிந்த பின்னரே தெரியும். ரீமன் 1859-இல் எழுப்பிய, இன்னும் தீராத வினா மற்றப் பூச்சியங்களைப் பற்றியது.

விட்டுவிடக் கூடாத வரி

கணிதத் தொகுத்தறிதலில் 1-க்குச் சரிபார்ப்பது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். அதனாலேயே பலர் அதை எழுதாமல் விடுகின்றனர். அடுத்தடுத்த இரு இயல் எண்களின் பெருக்கற்பலன் எப்போதும் ஒற்றைப்படை என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். ஒரு பெருக்கற்பலனிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது கூடுவது எப்போதும் இரட்டைப்படை எண்: 2, 6, 12, 20 எனச் செல்வதைக் காண்க. ஆகவே ஒன்று ஒற்றைப்படையானால் அடுத்ததும் ஒற்றைப்படை. இந்தப் படியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் 1 × 2 = 2. பொய்யைக் காட்டிக்கொடுப்பது அந்த 'வெளிப்படையான' முதல் வரிதான்.

நிறுவல்களில் வெளிப்படை

'இது வெளிப்படை' என்று ஒரு நூல் கூறினால், வாசகர் சில வரிகளில் அதைத் தாமே எழுதிவிடலாம் என்று ஆசிரியர் கருதுகிறார் என்று பொருள். யாருக்கு வெளிப்படை என்பது படித்தவற்றைப் பொறுத்தது. பத்தாம் வகுப்பு மாணவருக்கு அரைப்பக்கம் பிடிப்பது கல்லூரி மாணவருக்கு ஒரு வரி. எழுத முயன்றும் வராவிட்டால் முதலில் வரையறையைத் திரும்பப் படிப்பது நல்லது. தடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எப்போதும் வாசகர்மீதே குறை என்றும் கொள்ள வேண்டியதில்லை.

பெர்மாவின் கடைசித் தேற்றம் இதற்குச் சான்று. ஓர் எண்ணின் கனம், மற்றிரண்டு எண்களின் கனங்களின் கூடுதலாக அமையுமா? அவற்றில் ஒன்று 0 என்றால் உடனே அமையும். அத்தகைய வெளிப்படைத் தீர்வுகளை நீக்கினால், கனத்துக்கு மட்டுமன்றி அதற்கு மேற்பட்ட எந்தப் படிக்கும் முழு எண் தீர்வே கிடையாது என்பது தேற்றம். அதை நிறுவிவிட்டதாக 1847-இல் பாரிசு அறிவியல் கழகத்தில் லாமே அறிவித்தார். முழு எண்கள் பகாக் காரணிகளாக ஒரே விதத்தில் பிரிவதைப் போலவே, தாம் கையாண்ட கலப்பு எண்களும் பிரியும் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு நிறுவல் எங்கே என்று லியூவில் அந்தக் கூட்டத்திலேயே கேட்டார். அவ்வாறு எப்போதும் பிரியாது என்பதைக் கும்மர் 1844-இலேயே வெளியிட்டிருந்தார்: ஒன்றின் 23-ஆம் படிமூலங்களைக் கொண்டு அமைக்கப்படும் எண்களில் அது பொய்த்துவிடுகிறது. வைல்சின் நிறுவல் அச்சில் வெளிவந்தது 1995-இல்.