தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை

அந்நிய தேசங்களில் வாழும் தமிழரைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் கோபுரங்களையும் மகாநாடுகளையும் செல்வந்தரின் தர்மங்களையுமே எடுத்துரைப்பது வழக்கம். அவை பெருமைக்குரியவைதாம். ஆயினும் ஒருவனுக்கு வேற்றூர் தன்னூராவது இத்தகைய பெருங்காரியங்களால் அன்று. தான் விரும்பும் பக்குவமறிந்து தேநீர் ஆற்றித் தரும் கடைக்காரன், சற்றே அமர்ந்து பேச ஓர் இடம், “எந்த ஊர், அண்ணே?” என்று வினவும் ஒரு குரல்: இவ்வளவு சிறிய விஷயங்களிலேயே அது நிகழ்கின்றது. சிறியவையாதலால் அவற்றை எளிதிற் பறித்துவிடவும் கூடும். சிங்கப்பூரில் நிகழ்ந்தவற்றை இக்கண்கொண்டு நோக்குவோம்.

அத்தீவிற்குத் தமிழர் புதியவரல்லர். 1819-இல் ராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளை வைத்துத் தொழில் நடத்தியவர். 1827-இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமாயிருந்தவரும் அவரே. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கினார். 1965-இல் அந்நாடு தனிக் குடியரசானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் ஆட்சிமொழியாக நிலைபெற்றது. இவை சட்டத்திலும் சரித்திரத்திலும் ஏறிய செய்திகள். ஏடேறாத செய்தி ஒன்றும் உண்டு. அங்குள்ள தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். மீன் ஐந்து வெள்ளி, கீரை இரண்டு வெள்ளி என்று சந்தையில் பேரம் நடக்கும். ஒரு தேசத்தின் நாணயத்திற்குத் தன் தாய்மொழியிலேயே பெயரிட்டுக்கொண்டவனை அத்தேசத்திற்கு அந்நியன் என்று எங்ஙனம் கூறுவது?

ஆனால் இன்று அங்குள்ள தமிழர் அனைவரும் இவ்வகையினர் அல்லர். கட்டிட வேலைக்கும் கப்பற் பட்டறைக்கும் நம் கிராமங்களிலிருந்து வேலை அனுமதிச் சீட்டுடன் செல்லும் வாலிபர் பல்லாயிரவர். தரகனுக்குக் கொடுத்த கடன் தீருமுன்னே மாதங்கள் பல கழியும். இவர்கள் மனைவி மக்களை உடனழைத்து வைத்துக்கொள்ள விதியில்லை. அந்நாட்டுப் பெண்ணை மணக்க வேண்டின் சர்க்கார் அனுமதி வேண்டும். நகரின் ஓரத்தேயுள்ள விடுதிகளில் உறங்கி, லாரியின் பின்புறத்தில் ஏறி, விடியுமுன் வந்திறங்கிய பொட்டலச் சோற்றை நண்பகலில் பிரித்து உண்டு வாரம் கழிப்பர்.

ஞாயிறு வந்ததும் இவர்கள் கூடுமிடம் சிராங்கூன் சாலைப் பகுதி. பிறர் அதனை லிட்டில் இந்தியா என்பர். தொழிலாளர் வாயில் அது தேக்கா. சீனர் மூங்கிலைக் குறித்து இட்ட பெயர் அது. அதுவும் இப்போது தமிழாகிவிட்டது! அங்கே ஒருவன் வீட்டுக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறான். அடுத்தவன் முடி திருத்திக்கொள்கிறான். மூன்றாமவன் வாழையிலையில் சோறும் குழம்பும் உண்கிறான். புல்தரையில் வட்டமாய் அமர்ந்தவர்களிடையே யாருடைய ஊரில் மழை பெய்தது, யாருடைய தங்கைக்கு வரன் அமைந்தது என்ற பேச்சு நடக்கிறது. ஆறு நாட்கள் வெறும் எண்ணாக இருந்தவன் அன்றொரு நாள் இன்னாருடைய மகனாக, இன்ன ஊரானாக இருக்கிறான். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் தனிமையை அறியாதவரே.

2013 டிசம்பர் 8-இல் அவ்விடத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலகம் மூண்டது. வண்டிகளைக் கொளுத்தியதை நாம் நியாயமென்று சொல்லோம். பின்னர் 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2020 ஏப்ரலில் தொற்றுநோய் பரவியபோது ஓர் அறையில் பன்னிரண்டு, இருபது பேர் வீதம் வாழ்ந்த விடுதிகள் அடைக்கப்பட்டன. அவ்வருஷ முடிவிற்குள் அங்கிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேரை அந்நோய் பற்றியது. நகரத்தார் வெளியே நடமாடத் தொடங்கிய பின்னும் இவர்களுடைய கதவுகள் திறக்கவில்லை. 2022 ஜூனில், ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு விடுதித் தொழிலாளர் செல்வதற்குத் தனிச் சீட்டு வேண்டுமென்றும், ஒரு நாளைக்கு 80,000 சீட்டுகளே வழங்கப்படும் என்றும் விதிக்கப்பட்டது. கூட்டம் மிகும் என்பது சர்க்கார் கூறிய காரணம். அதில் சிறிதும் உண்மையில்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்க வந்த உல்லாசப் பிரயாணியிடம் அச்சீட்டை எவரும் கேட்கவில்லை. தன் ஊரானோடு அமர்ந்து தேநீர் அருந்தவும் அனுமதி வேண்டும் என்ற நிலை அத்தொழிலாளிக்கு மட்டுமே ஏற்பட்டது.

சர்க்காரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நிலையாகக் குடியேறிய தமிழருள்ளும் ஞாயிறன்று அத்தெருப்பக்கம் போவதைத் தவிர்ப்போர் உண்டு. ‘வெள்ளி’ என்ற சொல் இருவர்க்கும் பொது. ஆனால் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்பது அரிது. இதற்கு விலக்கானவரும் இல்லாமலில்லை. வேலையில் அடிபட்டு, நஷ்டஈட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பவன் விசேஷ அனுமதிச் சீட்டில் இருப்பான்; அச்சீட்டுடையோர் பொதுவாக வேலை செய்தல் கூடாது. கூலியுமில்லை, ஊருக்குத் திரும்பவும் இயலாது. இத்தகையோர்க்கு 2008 முதல் கஃப் வீதியின் பெயரால் ஒரு தொண்டர் கூட்டம் இலவச உணவளித்து வருகின்றது. உணவு தருமிடம் சத்திரமன்று. லிட்டில் இந்தியாவிலுள்ள சாதாரண உணவுக்கடைதான். ஆகவே அவன் யாசகனைப்போல் ஒதுங்கி நில்லாமல், மற்ற வாடிக்கைக்காரர் நடுவே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.