மீமெய்யியலும் நம் ஒட்டு நிழற்படங்களும்

திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயர் திண்டு, கல் என்னும் இரு சொற்களால் ஆயது. சமவெளியின் நடுவே தனித்துக் கிடக்கும் பாறைக்குன்றினைச் சாய்ந்துகொள்ளும் திண்டாகக் கண்ட மக்கள், அக்காட்சியையே ஊருக்குப் பெயராக்கினர் என்பர். மென்மைக்கு எடுத்துக்காட்டாகிய திண்டும் வன்மைக்கு எடுத்துக்காட்டாகிய கல்லும் ஒரு சொல்லில் கூடி நிற்கின்றன. ஆயினும் இப்பெயரைக் கேட்பார் எவரும் திடுக்கிடுவதில்லை. வடிவின் ஒப்புமை இரண்டனையும் இயல்பாகப் பிணைத்துவிடுகிறது.

இதனோடு வேறொரு பாறையை வைத்து நோக்குவோம். பெல்ஜிய நாட்டு ஓவியர் ரெனே மக்ரித் 1959-இல் ‘பிரனீசு மலைக் கோட்டை’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அதில் ஒரு பெரும்பாறை உள்ளது. அதன் உச்சியில் ஒரு கோட்டை உள்ளது. மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்து, பின்னர் மைசூரார் கையிலும் ஆங்கிலேயர் கையிலும் மாறிய கோட்டையைத் தலையில் தாங்கிய குன்றினை நாள்தோறும் காணும் நமக்கு இதில் புதுமை ஏதும் இல்லை. ஆனால், மக்ரித்தின் பாறை கடலுக்கு மேலே வானில் நிற்கிறது. பாறையும் கோட்டையும் கடலும் தனித்தனியே பழகியவை. அவை நிற்கும் முறைதான் பழகாதது. இங்கே நாம் திடுக்கிடுகிறோம்.

முன்னதில் இரு பொருள்கள் இணைந்தும் அமைதி பிறக்கிறது. பின்னதில் அதிர்ச்சி பிறக்கிறது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். நம் வீடுகளின் கூடத்துச் சுவர்களில் தொங்கும் ஒட்டு நிழற்படங்கள் இவற்றுள் எவ்வகையைச் சாரும் என ஆராய்வது இரண்டாம் நோக்கம். அப்படங்களை மீமெய்யியல் படைப்புகள் என்று எளிதாகப் பெயரிட்டுவிடும் வழக்கம் ஆய்வு மாணவரிடையே தோன்றியிருத்தலின், இவ்வாராய்ச்சி இன்றியமையாததாகிறது.

கொள்கையின் தோற்றம்

மீமெய்யியல் என நாம் ஈண்டு வழங்குவது, பிரெஞ்சு மொழியில் சர்ரியலிசம் எனப்படும் கொள்கையினை. இச்சொல்லை 1917-இல் முதன்முதல் ஆண்டவர் கவிஞர் அப்போலினேர். அதனை ஓர் இயக்கத்தின் பெயராக்கி, 1924-இல் பாரிசில் அறிக்கை வெளியிட்டவர் ஆந்திரே பிரெத்தோன். மருத்துவம் பயின்ற பிரெத்தோன், முதல் உலகப் போர்க்காலத்தில் மனம் சிதைந்த போர்வீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றியவர். பிராய்டின் உளப்பகுப்புக் கொள்கையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அறிவின் காவல் தளரும்போது அடிமனத்திலிருந்து எழுவனவற்றைக் கலையாக்க வேண்டும் என்பதும், கனவும் நனவும் கூடிய ஒரு மேலான மெய்ம்மை உண்டு என்பதும் அவர் கொள்கையின் சாரம்.

இக்கொள்கையினர் ஓவியத்தில் இரு வழிகளைக் கைக்கொண்டனர். கையைத் தன்போக்கில் ஓடவிட்டுக் கோடுகளைப் பிறப்பிப்பது ஒரு வழி. ஆந்திரே மாசோன் அவ்வழியினர். கனவிற் கண்டதனை நனவிற் கண்டது போலத் துல்லியமாகத் தீட்டுவது மற்றொரு வழி. சால்வதோர் தாலி 1931-இல் வரைந்த, கடிகாரங்கள் துணிபோலத் துவண்டு கிடக்கும் ஓவியம் இதற்குச் சான்று. மக்ரித்தும் இவ்வழியினரே.

நிழற்படத்தின் தனித்தன்மை

ஓவியன் இல்லாததனைத் தீட்டலாம் என்பதனை யாவரும் அறிவர். நிழற்படமோ, எதிரே நின்ற பொருளின் ஒளியாலேயே பதிவாவது. ஆகவே, ‘இஃது இருந்தது’ என்னும் சான்றுரையைத் தன்னுள்ளே கொண்டது. எனவே, நிகழ இயலாதது ஒன்று நிழற்படத்தில் தோன்றுமாயின் அதிர்ச்சி பன்மடங்காகிறது. மீமெய்யியலார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மன் ரே என்பார், ஒளியுணர் தாளின்மேல் பொருள்களை நேரே வைத்து ஒளி பாய்ச்சிக் கருவியின்றியே நிழலுருக்களைப் படைத்தார். அவர் 1924-இல் ஒரு பெண்ணின் முதுகைப் படமெடுத்து, அச்சிட்ட தாளின்மேல் பிடிலின் ஒலித்துளைகள் இரண்டினைத் தீட்டி, அதனை மீண்டும் படமெடுத்தார். முதுகு இசைக்கருவியாயிற்று.

அச்சிட்ட படத்தின்மேல் தீட்டுதல், தீட்டியதனை மீண்டும் படமெடுத்தல் என்னும் இவ்விரு செயல்களையும் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். நம் ஊர்களில் ஸ்டுடியோ என மக்கள் வழங்கும் நிழற்பட நிலையங்களிலும் இவையே நிகழ்ந்தன.

அணியிலக்கண நோக்கு

தொல்காப்பியர் உவமம் தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். திண்டுக்கல் என்னும் பெயர் மெய் பற்றி வந்ததாகும். உலகில் இல்லாத பொருளையும் உவமையாக்கலாம் என்பதற்கும் நம் மரபில் இடம் உண்டு. தண்டியலங்காரம் அதனை அபூத உவமை என்னும். இல்பொருள் உவமை என்பது பெருவழக்கு. தவவேடம் பூண்ட வலியற்றவனுக்குப் புலித்தோல் போர்த்து மேயும் பசுவினை வள்ளுவர் உவமையாக்கியதனை ஆசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவது வழக்கம்.

இப்பசுவின் அருகே மீமெய்யியல் பொருள் ஒன்றனை வைப்போம். மெரெத் ஓப்பென்ஹைம் என்னும் பெண் கலைஞர் 1936-இல் தேநீர்க் கோப்பையொன்றனையும் அதன் தட்டினையும் கரண்டியினையும் விலங்கின் மென்மயிர்த் தோலால் போர்த்தார். அங்கும் போர்த்த தோல். இங்கும் போர்த்த தோல். ஆயினும் வள்ளுவரின் பசு, பொய்த்தவம் என்னும் பொருளை விளக்கியதும் தன் பணியை முடித்துக்கொள்கிறது. ஓப்பென்ஹைமின் கோப்பை எதனையும் விளக்க வரவில்லை. உதட்டில் மயிர் படும் கூச்சத்தைக் காண்போர்க்கு ஊட்டி, நாள்தோறும் கையாளும் பொருளை அயலாக்கி நிற்கிறது. இல்பொருள் உவமையில் இணைப்புக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. மீமெய்யியல் அப்பொதுத்தன்மையை வேண்டுமென்றே அறுத்துவிடுகிறது; அறுந்த இடத்தில் அடிமனம் பேசும் என நம்புகிறது.

ஒட்டு நிழற்படம்

இனி, நம் படங்களுக்கு வருவோம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கள ஆய்வுக்காக மாணவருடன் சென்றபோது ஒரு வீட்டின் கூடத்தில் நாம் கண்ட படம் இது. அறுபது அகவையினர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வலப்புறம் இருபத்தைந்து அகவையுடைய இளைஞர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பின்னே தூண்களும் பூந்தோட்டமும் தீட்டிய திரை. உற்று நோக்கின், அம்மையாரின் முகத்தில் ஒளி இடப்புறமிருந்து படுகிறது. இளைஞரின் முகத்தில் வலப்புறமிருந்து படுகிறது. இளைஞரின் தோள் கத்தியால் நறுக்கியது போல நேர்க்கோடாக முடிகிறது. அவர் கோட்டின் மடிப்புகள் தூரிகையால் வரையப்பட்டவை. அவர் காலடி விரிப்பின்மேல் ஊன்றவில்லை.

உடன் வந்த மாணவர், தாயும் மகனும் போலும் என எண்ணி வினவினார். அவ்வம்மையார், அவர் தம் கணவர் என்றும், மணமான சில ஆண்டுகளில் மறைந்தவர் என்றும் கூறினார். கணவரின் முகம் பழைய குழுப்படம் ஒன்றிலிருந்து பெருக்கி எடுக்கப்பட்டதாம். மாணவர் வியந்து நிற்கக் கண்டு, “எனக்கு வயசாகிப் போச்சு தம்பி, அவருக்கு ஆகலையே” என்றார். மாணவர் தம் குறிப்பேட்டில் அப்படத்தைப் பற்றி ‘மீமெய்யியல் கூறுகள் மிக்கது’ என முன்னரே எழுதியிருந்தார். அதனை அவர் அடித்துவிட்டார். அடித்தது சரியே என்பது நம் கருத்து, காரணங்களைக் கூறுவோம்.

தொழில்நுட்பத்தை மட்டும் நோக்கின், மாக்ஸ் எர்ன்ஸ்ட் பழைய அச்சுப்படங்களை வெட்டி ஒட்டி 1929-இல் நூலாக்கிய முறைக்கும், நம் ஊர் நிழற்படக்காரர் வெட்டி ஒட்டிய முறைக்கும் வேறுபாடு சிறிதே. இருவரும் ஒட்டின் தடத்தை மறைக்கவே முயன்றனர். வேறுபாடு இணைப்பின் நோக்கத்தில் உள்ளது. எர்ன்ஸ்ட் உறவில்லாதவற்றைக் கூட்டினார். நம் நிழற்படக்காரரோ, உறவுடையவராய் இருந்தும் சாவினால் பிரிந்தவரைக் கூட்டினார். எர்ன்ஸ்டின் படத்தில் இணைந்தவற்றைப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் தன் பழைய இடத்திற்குத் திரும்பி அமைதியுறும். அம்மையாரின் படத்தில் இருவரையும் பிரித்துவிட்டால், அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த தனிமையே எஞ்சும். ஒட்டுப்படம் ஒன்றனை ஆராய்வோர், ‘பிரித்தால் எஞ்சுவது யாது?’ என்னும் இவ்வினாவை முதற்கண் எழுப்புவாராயின், பெயரிடுவதில் பிழை நேராது.

இத்தகைய இணைப்பு தமிழர்க்குப் புதிதன்று. மறைந்த வீரனைக் கல்லில் நிறுத்தி, அவனை ஊரின் நடுவே மீண்டும் இருத்திய மரபு நம்முடையது. தொல்காப்பியர் அதனைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளாக வகுத்தார். திண்டுக்கல்லை அடுத்த தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் இம்மரபின் தொன்மையை உணர்த்துவன. பிற்கால நடுகற்கள் சிலவற்றில் வீரன் கீழே போரிடுகிறான். மேலே வானுலகில் அமர்ந்திருக்கிறான். இரு காலமும் இரு உலகும் ஒரே கல்லில் நிற்கின்றன. அதனைக் கனவுக்காட்சி என எவரும் கூறார். அம்மையாரின் படத்தில் இரு காலம் நிற்பதும் அத்தகையதே.

மறுப்பும் விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். சூசன் சொன்டாக் 1977-இல் வெளியிட்ட நூலில், உலகிற்கு ஒரு மறுபடியைப் படைத்தலால் நிழற்படக்கலையே இயல்பில் மீமெய்யியல் தன்மையது என்னும் கருத்தை நிறுவினார். அவ்வாறாயின், படைத்தவர் கருத்து எதுவாயினும் இப்படங்களும் அவ்வினத்தனவே அல்லவோ எனலாம்.

இதற்கு மீமெய்யியல் வரலாற்றிலேயே விடை உள்ளது. பாரிசின் பழந்தெருக்களையும் கடைமுகப்புகளையும் பல்லாண்டுகள் படமெடுத்த முதியவர் எழேன் அத்ஜே. கதிரவன் மறைப்பினைக் காண ஒரே திசையில் அண்ணாந்து நிற்கும் மக்களை அவர் 1912-இல் எடுத்த படத்தை, 1926-இல் மீமெய்யியலார் தம் இதழின் முகப்பில் வெளியிட்டனர். அத்ஜே அதனைத் தடுக்கவில்லை. தம் பெயரை இடவேண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தாம் எடுத்தவை ஆவணங்களே என்பது அவர் நிலை. காண்போர் தம் கனவை ஒரு படத்தில் ஏற்றிக் காணலாம். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஏற்றிக் கண்டதனைப் படைத்தோர்மேல் சார்த்துவது ஆராய்ச்சி ஆகாது.

தமிழகத்தில் மீமெய்யியலோடு ஒப்பிடத்தக்க கலை இல்லை என்பதும் நம் கருத்தன்று. சென்னை அரசு கலைப்பள்ளியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்று, 1966-இல் தோன்றிய சோழமண்டலக் கலைஞர் ஊரில் வாழ்ந்தவர் கே. இராமானுஜம். அவர் 1973-இல் இளமையிலேயே மறைந்தார். மாடமாளிகைகள், நெளியும் பாம்புகள், விந்தை விலங்குகள், அவற்றிடையே தொப்பியணிந்த தம் உருவம் எனத் தம் அகவுலகை மையால் நெருக்கி வரைந்தவர் அவர். அவ்வோவியங்களை மீமெய்யியலோடு வைத்து ஆராய்வது பொருந்தும். அங்கே தனி ஒருவரின் கனவே பொருளாகின்றது. கூடத்துப் படத்தில் பொருளாவது ஒரு குடும்பத்தின் உறவு.

முடிவுரை

உவமை பொதுத்தன்மையால் இணைக்கிறது. மீமெய்யியல் பொதுத்தன்மையை அறுத்து இணைக்கிறது. நம் ஒட்டு நிழற்படம் உறவினால் இணைக்கிறது. மூன்றும் வெவ்வேறு செயல்கள். ஒன்றன் பெயரை மற்றொன்றற்கு இட்டால் அதன் பொருள் மறைந்துவிடும்.

இது பெயரளவில் நிற்கும் சிக்கலும் அன்று. எண்முறைக் கருவிகள் வந்தபின் பழைய நிழற்பட நிலையங்கள் பல மூடப்பட்டன. கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் அழிந்து வருகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் துணையுடன் 2010-களில் தமிழகத்து நிலையங்களின் பழம்படங்களைத் தேடி எண்ம வடிவில் தொகுத்தது. அப்பணியினைத் திண்டுக்கல் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊரிலும் நம் மாணவர் தொடர்தல் வேண்டும். தொடருங்கால், படத்தை மட்டும் பதிவு செய்தல் போதாது. அதில் இருப்பவர் யாவர், எவர் வேண்ட எவ்வாறு இணைக்கப்பட்டது என்பனவற்றையும் அவ்வீட்டார் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அறுபது அகவை மனைவியும் இருபத்தைந்து அகவைக் கணவரும் அருகருகே இருக்கும் அப்படம், கூறுவார் இல்லாத நாளில் வெறும் விந்தையாகிவிடும். அது விந்தையாகிவிடாமல் காப்பதே இத்துறை ஆய்வாளர் முதற்கண் ஆற்றவேண்டிய கடனாகும்.