இணையதளத்தைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது ஏன்? எப்படி?

எச்டிஎம்எல் கோப்பை இருமுறை சொடுக்கினாலே பிரவுசரில் பக்கம் திறக்கும். ஆனால் அப்படித் திறந்த பக்கம், அருகிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை எடுக்கப் பாதுகாப்பு கருதி பிரவுசர் விடாது. பிஎச்பி நிரல் இயங்கவே இயங்காது. இதற்காகவே கணினிக்குள் ஒரு சர்வர் நிறுவப்படுகிறது.

‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது 127.0.0.1 என்ற முகவரியைக் குறிக்கும். அங்கே போகும் தகவல் வைஃபையைத் தொடாமல் இயங்குதளத்துக்குள்ளேயே திரும்பிவிடுவதால் இணைய இணைப்பு தேவையில்லை. முகவரியை அடுத்து வரும் போர்ட் எண், அழைப்பு எந்த சர்வருக்கு என்று காட்டும். ஏற்கெனவே ஒரு சர்வர் 8000-ஐப் பிடித்திருந்தால், அதே எண்ணைக் கேட்கும் அடுத்தது கிளம்பாது.

வெறும் பக்கங்களுக்கு பைத்தானோடு வரும் சர்வர் போதும். வேர்ட்பிரஸுக்கு அப்பாச்சி சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி மூன்றையும் சேர்த்துத் தரும் ஸாம்ப் எளிது. இவற்றில் திட்டத்துக்கொரு பதிப்பு தேவைப்பட்டால், ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே பிரித்து வைக்கும் டாக்கர் பொருந்தும்.