மாவுக்கட்டுப் போட்ட கையுடன் போர்க்களம் போன மேஜர்

இடது கையிலே மாவுக்கட்டு. ஹாக்கி ஆடும்போது ஏற்பட்ட எலும்பு முறிவு.

"இந்தக் கையோடு போருக்குப் போகவேண்டாம்" என்றார்கள். அவர் கேட்கவில்லை. "என் கம்பெனி போகிறது. நானும் போகத்தான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார். போனார். திரும்பி வரவில்லை.

அவர்தான் மேஜர் சோம்நாத் சர்மா. இந்தியாவின் முதல் பரம வீர சக்கரத்தைப் பெற்றவர்.

வீரப் பரம்பரை

சோம்நாத் 1923-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பிறந்தார். ஊர், காங்க்ரா பகுதியைச் சேர்ந்தது. தந்தை அமர்நாத் சர்மா ராணுவ டாக்டர். மகன் 19 வயதிலேயே பட்டாளத்தில் அதிகாரி ஆனார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டார்.

விமான நிலையத்துக்கு ஆபத்து

1947 அக்டோபர். பாகிஸ்தான் பக்கத்திலிருந்து ஆயுதம் தாங்கிய பழங்குடிப் படையினர் காஷ்மீருக்குள் புகுந்தார்கள். காஷ்மீர் மகாராஜா இந்தியாவுடன் இணைந்தார். அக்டோபர் 27-ந் தேதி முதல், நம் சிப்பாய்கள் விமானத்தில் ஸ்ரீநகர் போய் இறங்கினார்கள்.

ஆளும் ஆயுதமும் வந்து இறங்க அந்த ஒரே விமான நிலையம்தான். அது பறிபோனால் ஸ்ரீநகரும் பறிபோகும்!

பட்காமில் நடந்தது என்ன?

நவம்பர் 3-ந் தேதி. விமான நிலையத்துக்குச் சில மைல் தூரத்தில் உள்ள பட்காம் கிராமத்துக்கு, குமாவோன் படைப் பிரிவின் கம்பெனிகள் ரோந்து போயின. ஊர் அமைதியாக இருந்தது. மற்றவர்கள் திரும்பினார்கள். சோம்நாத்தின் கம்பெனி மட்டும் இன்னும் சிறிது நேரம் காவல் இருந்தது.

பிற்பகலில் வீடுகளிலிருந்து துப்பாக்கி வெடித்தது. பதிலுக்குச் சுட்டால் அப்பாவி மக்கள் சாவார்களே என்று சோம்நாத் தயங்கினார். அதற்குள் மேற்கே ஒரு பள்ளத்திலிருந்து நூற்றுக்கணக்கான எதிரிகள் திரண்டு வந்தார்கள். மூன்று பக்கமும் முற்றுகை. நம்மவர் ஒருவருக்கு எதிரிகள் ஏழு பேர்!

குண்டு மாரிக்கு நடுவே சோம்நாத் வெட்டவெளியில் ஓடினார். ஒவ்வொரு குழுவிடமும் போய்த் தைரியம் சொன்னார். நம் விமானங்களுக்குக் குறி காட்ட, எதிரிகள் கண் எதிரே தரையில் துணிகளை விரித்தார்.

இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் பலர் விழுந்தார்கள். தோட்டா நிரப்பித் தர ஆள் இல்லை. கட்டுப் போட்ட கையோடு மேஜரே உட்கார்ந்து தோட்டாக்களை நிரப்பி நிரப்பிக் கொடுத்தார்.

எதிரிகள் 50 கஜ தூரத்தில் வந்துவிட்டார்கள், ஆனாலும் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்க மாட்டோம், கடைசி ஆள், கடைசித் தோட்டா உள்ளவரை போராடுவோம் என்று ரேடியோவில் சேதி அனுப்பினார். சற்று நேரத்தில், பக்கத்தில் இருந்த தோட்டாக் குவியலில் எதிரியின் குண்டு விழுந்தது. பயங்கர வெடி! அந்த இடத்திலேயே வீர மரணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 24.

ஆறு மணி நேரம்

தலைவர் விழுந்தும் சிப்பாய்கள் உடனே இடத்தை விட்டுவிடவில்லை. எதிரியின் முன்னேற்றம் ஆறு மணி நேரம் தாமதப்பட்டது. அதற்குள் நம் துணைப்படை போய் வழியை அடைத்துக்கொண்டது. விமான நிலையம் தப்பியது. ஸ்ரீநகரும் தப்பியது.

வஜ்ராயுதப் பதக்கம்

1950-ல் பரம வீர சக்கரம் ஏற்பட்டபோது, முதல் விருது சோம்நாத்துக்கே கிடைத்தது. பதக்கத்தில் இந்திரனின் வஜ்ராயுதம் இருக்கிறது. ததீசி முனிவர் தம் எலும்பையே கொடுக்க, அதில் செய்த ஆயுதம் அல்லவா அது! பதக்கத்தை வரைந்தவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்தியரை மணந்த சாவித்திரி கனோல்கர். அவருடைய மருமகனே சோம்நாத்தின் தம்பிதான்!

இன்னொரு தம்பி விஸ்வநாத் சர்மா 1988 முதல் 1990 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தார். 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்குச் சோம்நாத்தின் பெயர் சூட்டப்பட்டது.

முறிந்த கையைக் காட்டி அவர் ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கைதான் கடைசிவரை தோட்டா நிரப்பியது.