எந்த ஜாவாவில் கட்டுவது?

ஜாவா மொழியின் 8ஆம் பதிப்பு 2014இலும், 11ஆம் பதிப்பு 2018இலும், 17ஆம் பதிப்பு 2021இலும் வெளிவந்து, மூன்றும் இன்றளவும் உபயோகத்தில் இருந்து வருவதால், ஒரே மென்பொருளை ஆக்கும் நண்பர்களின் கணினிகளில் வெவ்வேறு பதிப்புகள் இருப்பது சகஜமான காரியமே.

கம்பைலர் தான் ஆக்கும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஓர் எண்ணைப் பொறிக்கிறது. 8க்கு 52, 17க்கு 61. 61 என்ற எண்ணைக் கண்டவுடன் 8ஆம் ஜாவா அக்கோப்பை ஏற்க மறுத்துவிடும். இந்த மறுப்பு நமக்கு அனுகூலமானது; பிழை உடனே வெளிப்பட்டுவிடுகிறதல்லவா? அஞ்சத்தக்க விஷயம் வேறு. 9ஆம் பதிப்பின் கம்பைலரிடம், 8இல் ஓடும்படி ஆக்கிக் கொடு என்று பழைய முறையில் கட்டளையிட்டால், அது 52 என்றே பொறிக்கும். ஆயினும் நூலகத்தை மாத்திரம் தன்னுடையதையே பார்க்கும். உதாரணமாக, அந்த நூலகத்திலுள்ள பைட்பஃபர் என்ற வகுப்பின் ‘ஃபிளிப்’ என்ற மெத்தட் 8இல் ‘பஃபர்’ என்ற பொதுவகையையும், 9 முதல் ‘பைட்பஃபர்’ என்ற சொந்த வகையையும் திருப்பித் தருவதாக மாறியிருப்பதால், அவ்வாறு ஆக்கப்பட்ட நிரல், எண் பொருந்துகிறதே என்று 8இல் தடையின்றி ஏற்றப்பட்டு, வெகுநேரம் ஓடி, அந்த மெத்தடை அழைக்கும் க்ஷணத்தில், அப்படியொன்று இல்லை என்று கூறி நின்றுபோகும். அதைக் காண்பவர் எழுதியவர் அல்லர், உபயோகிப்பவர். 9இலேயே சேர்க்கப்பட்ட ‘ரிலீஸ்’ என்னும் கட்டளைச்சொல், பழைய நூலகத்தின் விவரத்தையே பார்க்கச் செய்து இந்த அபாயத்தை நீக்குகிறது.

ஆனால் அச்சொல்லை 8ஆம் கம்பைலர் அறியாது. ஆகவே எந்த ஜாவாவில் பில்ட் நடக்கிறது என்பதை முதலிலேயே நிர்ப்பந்தமாகச் சோதிப்பது அவசியமாகிறது. மேவன் என்னும் பில்ட் கருவியில் ‘என்ஃபோர்சர்’ என்ற பிளகின் இதைச் செய்கிறது; தொடக்கத்திலுள்ள ‘வாலிடேட்’ கட்டத்திலேயே பதிப்பைப் பார்த்து, பொருந்தாவிடில் அங்கேயே நிறுத்திவிடுகிறது. அதில் 17 என்று மட்டும் எழுதினால், 17உம் அதற்கு மேற்பட்ட எதுவும் சம்மதம் என்று பொருள்; “[17,18)” என்று எழுதினால் 17ஐத் தவிர வேறெதற்கும் இடமில்லை. மேல்வரம்பு அனாவசியமான கெடுபிடி என்போர் உண்டு. ஆயினும் எக்ஸ்எம்எல் வேலைக்குப் பலரும் நம்பியிருந்த ‘ஜாக்ஸ்பி’ 11ஆம் பதிப்பில் ஜாவாவிலிருந்தே நீக்கப்பட்டதை நினைத்தால், புதிய பதிப்பைச் சோதித்துப் பார்த்த பின்பே வரம்பை உயர்த்துவது உசிதமென்று உறுதியாகச் சொல்வேன்.

என்ஃபோர்சரில் எழுதும் இப்பதிப்பு விதியோடு நம் சொந்தச் செய்தியையும் எழுதிவைக்க வசதியுண்டு. எந்தப் பதிப்பு தேவை, ஏன் தேவை, அதை எங்கே பெறலாம் என்று தெளிந்த தமிழிலேயே அதில் எழுதிவைக்கலாம்.