கிரேசி மோகனும் மொழிபெயர்க்க முடியாத சிரிப்பும்

தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறிய குடும்பங்களில் தமிழ் எந்த வரிசையில் குறைந்து வருகிறது என்பதை நாம் எல்லோரும் கண்கூடாகப் பார்த்து வருகிறோம். முதலில் எழுதுவது நிற்கிறது. பிறகு படிப்பது. பேச்சு மட்டும் ஒருவாறு தங்குகிறது. அந்தப் பேச்சு தங்கியிருக்கும்போதே சத்தமில்லாமல் போய்விடுகிற ஒன்று உண்டு. அது சிலேடை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைக் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும் திறமை. அது போய்விட்ட வீட்டில் கிரேசி மோகன் நாடகத்தைப் போட்டுவிட்டுப் பார்த்தால், பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பிள்ளைகள் ‘என்ன சொன்னார்?’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கிரேசி மோகன் 1952 அக்டோபர் 16ஆம் தேதி பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிகல் என்ஜினியரிங் படித்தவர். கல்லூரி நாட்களிலேயே நாடகம் எழுதத் தொடங்கினார். படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் வேலை. 1976ல் எஸ்.வி. சேகரின் குழுவுக்காக ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்ற நாடகத்தை எழுதிக் கொடுத்தார். நாடகம் பெரும் வெற்றி பெற, தலைப்பில் இருந்த ‘கிரேசி’ ஆசிரியர் பெயரோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை பிரியவில்லை. 1979ல் தம்பி பாலாஜி முதலானோருடன் ‘கிரேசி கிரியேஷன்ஸ்’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1983ல் ‘பொய்க்கால் குதிரை’ என்ற படமாக எடுத்தார். 1989ல் கமல்ஹாசனின் ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தது. திரைப்பட வேலைகள் பெருகிய பிறகுதான் மாதச் சம்பளத்தை விட்டார். நல்ல கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஜோக் எழுதப் போகிறேன் என்று ஒருவர் வீட்டில் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நம் தலைமுறைக்குத் தெரியும்!

நம் மைசூருவில் அந்த நாளில் தமிழ்த் தொலைக்காட்சி என்று தனியாக எதுவும் இல்லை. தூர்தர்ஷனில் ஞாயிறு பிற்பகல் மாநில மொழிப் படங்கள் வரும்; அதில் எப்போதாவது தமிழுக்கும் முறை வரும். மற்றபடி ஊருக்குப் போய் வருபவர்கள் கொண்டுவரும் நாடகக் கேசட்டுகள்தாம் துணை. 1993ல் சன் டிவி தொடங்கி, கேபிள் இணைப்பு வீடுவீடாக வந்தபிறகே சென்னை சபாக்களின் சிரிப்பு நம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

மோகனின் நகைச்சுவை சின்னத்திரைக்கு எளிதில் பொருந்தியதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒரு கூடம், ஒரு சோபா, இரண்டு வாசல், நான்கைந்து பேர் இருந்தால் போதும். கதாநாயகன் எப்போதும் மாது, நண்பன் சீனு, கதாநாயகி ஜானகி. தம்மைச் சிறுவயதில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் ஜானகி என்றும், அந்த நன்றிக்காகவே எல்லா நாயகிகளுக்கும் அந்தப் பெயர் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மாதுவாக நடித்த தம்பி, ‘மாது பாலாஜி’ என்றே அறியப்படலானார். அடுத்த வாரம் புதிய கதை வந்தாலும் ஆட்கள் பழகியவர்கள். தொலைக்காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தலைப்பிலேயே ஆரம்பித்துவிடுவார். ஜெயா டிவியில் வந்த அவருடைய தொடருக்கு ‘விடாது சிரிப்பு’ என்று பெயர். அதற்கு முன் 1990களில் எல்லோரையும் நடுங்க வைத்த ‘மர்மதேசம்’ தொடரின் ஒரு பகுதி ‘விடாது கருப்பு’. அது தெரிந்தவருக்குத் தலைப்பே முதல் ஜோக். ‘மதில் மேல் மாது’ என்று ஒரு நாடகம். மதில் மேல் பூனை என்ற வழக்கு தெரிய வேண்டும். மாது என்றால் பெண் என்றும் தெரிய வேண்டும். இங்கே மாது ஓர் ஆண் என்பதும் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிரிப்பு வராது.

சிலேடை வேலை செய்யும் விதத்தை நம் வீட்டுப் பேச்சிலேயே பார்க்கலாம். ‘பையன் என்ன செய்கிறான்?’ ‘படியில் உட்கார்ந்திருக்கிறான்.’ ‘அப்பாடா, எப்படியோ படிப்பில் உட்கார்ந்தானே!’ மிகச் சாதாரணமான ஜோக்தான், நானே கட்டியது, அதனால் மன்னிக்கவும். இதைக் கன்னடத்தில் சொல்லிப் பாருங்கள். படிப்பதற்கு ‘ஓது’, படிக்கட்டுக்கு ‘மெட்டிலு’. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுமிக்கு இப்படி ஒன்றை நான் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘ஓ, சரி அங்கிள்’ என்றாள். புரிந்தது, சிரிப்பு வரவில்லை.

ஓசையில் மோகனுக்கு இருந்த பிடிப்பு வெறும் ஜோக்கோடு நிற்கவில்லை. அவர் ஏராளமான வெண்பாக்கள் எழுதியவர். வெண்பாவில் தளை தட்டக்கூடாது, ஈற்றடி மூன்று சீராக நின்று நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிய வேண்டும். அளவு மயிரிழை தப்பினாலும் இயந்திரத்தில் மாட்டாத உதிரிபாகம் மாதிரி வெளியே நிற்கும். மெக்கானிகல் என்ஜினியருக்கு அது பிடித்துப்போனதில் எனக்கு வியப்பில்லை.

இனி அவருடைய நகைச்சுவையின் மறுபாதி. அது ஆள் மாறாட்டம், தப்பபிப்பிராயம், ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வண்டிகளை விட்டுவிட்டு, கடைசி நொடிவரை மோதாமல் ஓட்டிக்காட்டும் வித்தை. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் ஒரே முகமுடைய நால்வரை வைத்து இதைச் செய்தார்கள். இந்தப் பாதி எந்த நாட்டுக்கும் போகும், எந்த நாட்டிலிருந்தும் வரும். அமெரிக்காவின் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ (1993) நம் ‘அவ்வை சண்முகி’ (1996) ஆயிற்று; அது அடுத்த ஆண்டே இந்தியில் ‘சாச்சி 420’ ஆயிற்று. பெண் வேடம் கட்டிய அப்பா மூன்று மொழியிலும் அவரேதான். வசனத்தை மட்டும் இந்திக்குக் கவிஞர் குல்சார் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

மைசூருவில் இருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. மோகன் வசனம் எழுதிய ‘சதிலீலாவதி’ (1995) படத்தில் கமலும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழை யாரும் மறந்திருக்க முடியாது. அதில் நடித்த ரமேஷ் அரவிந்த் 2005ல் அதையே கன்னடத்தில் ‘ராம ஷாம பாம’ என்று இயக்கினார். கொங்குத் தமிழுக்குக் கன்னடத்தில் என்ன செய்வது? கமலையும் ஊர்வசியையும் ஹூப்ளிப் பக்கத்துக் கன்னடம் பேச வைத்தார்கள். மைசூருக் கன்னடக்காரர்களுக்கு அது எவ்வளவு சிரிப்பு மூட்டும் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லுக்குச் சொல் போடாமல், வட்டாரத்துக்கு வட்டாரம் போட்டார்கள். என் பார்வையில் நகைச்சுவையை மொழி மாற்றுவதற்கு இதுவே சரியான வழி.

வட்டாரப் பேச்சைக் கேலி செய்யாமல் அதன் இனிமையால் சிரிக்க வைத்தது, அவரும் கமலும் சேர்ந்த படங்களின் தனிச்சிறப்பு. பாலக்காட்டுத் தமிழ், கொங்குத் தமிழ், ‘தெனாலி’யில் (2000) இலங்கைத் தமிழ் என்று ஒரு சுற்றுலாவே போகலாம். ‘பஞ்சதந்திர’த்தில் (2002) ஐந்து நண்பர்களில் ஒரு நாயர், ஒரு ஹெக்டே, ஒரு ரெட்டி. பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் நம் தெருவைப் பார்ப்பது போலவே இருக்கும்.

திரையில் இவ்வளவு பெயர் வந்தபிறகும் அவர் மேடையை விடவில்லை. 2008ல் அரங்கேறிய ‘சாக்லேட் கிருஷ்ணா’வில் கிருஷ்ணனாகத் தாமே வேடம் கட்டி நூற்றுக்கணக்கான முறை நடித்தார். 2019 ஜூன் 10ஆம் தேதி சென்னையில் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 66.

பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய நினைக்கும் பெற்றோருக்கு ஒரு யோசனை. நேராக நாடகத்தில் இறக்கிவிட வேண்டாம். சொற்கள் வேகமாக வந்து விழும், குழந்தை மிரண்டுவிடும். முதலில் ‘அவ்வை சண்முகி’யைக் காட்டுங்கள், கதையே சிரிக்க வைக்கும். அடுத்து ‘ராம ஷாம பாம’வைப் போடுங்கள்; கன்னடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது தன் சொந்த ஊர்ச் சிரிப்பு. பிறகு அதே கதையை ‘சதிலீலாவதி’யில் பார்க்கும்போது, தமிழில் அந்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று பிள்ளையே கேட்கும். கேட்டால், நிறுத்திவிட்டு விளக்க வேண்டாம். அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடுங்கள்.