படம் ஓடுகிறது, ஃபைல் போக மறுக்கிறதா?



வெளியூரில் இருக்கும் மகன் கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பில் வருகிறான். அவன் முகம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவனோ, “அத்தா, உங்க முகம் அப்படியே நிக்குது, பேச்சு விட்டு விட்டு வருது” என்கிறான். உடனே நெட் சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நெட்டில் பாதி சரியாகத்தான் இருக்கிறது. நமக்கு வரும் பாதை டவுன்லோட், நம்மிடமிருந்து போகும் பாதை அப்லோட். இரண்டும் தனித்தனி. படம் பார்க்க, பயான் கேட்க முதல் பாதை போதும். கல்வி உதவித்தொகைக்குச் சான்றிதழ் ஏற்றவும், பிள்ளைகள் ஆன்லைன் தேர்வு எழுதவும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்கள் ஃபைல் அனுப்பவும் இரண்டாவது பாதைதான் வேண்டும்.

2023 ஜனவரியில் மத்திய அரசு, பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்று நிர்ணயித்தது. அதுவும் டவுன்லோடைத்தான் சொல்கிறது. அதனால் இணைப்பு வாங்கும்போதே “அப்லோட் எவ்வளவு?” என்று கேட்டு வாங்குங்கள். பழைய டெலிபோன் கம்பியில் வந்த பிராட்பேண்டில் அப்லோட் 1 எம்பிபிஎஸ் அளவில்தான் இருக்கும். அதை எந்த மெக்கானிக்காலும் கூட்ட முடியாது. ஃபைபரில் அந்தக் குறை இல்லை.

ஒரு கணக்கு. நெட் வேகத்தைச் சொல்லும் மெகா பிட் வேறு, ஃபைல் அளவைச் சொல்லும் எம்பி வேறு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 10 எம்பி ஃபைலை 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 80 விநாடி போதும். அப்லோட் 0.1 ஆக இறங்கிவிட்டால் அதே ஃபைலுக்குப் பதிமூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அரசுத் தளம் நம்மை வெளியே தள்ளிவிடும்.

சரி, கோளாறு எங்கே? முதலில் கம்ப்யூட்டரில் வேகச் சோதனை செய்து அப்லோட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செல்போனில் சிம் டேட்டாவை அணைத்து, அதே மோடத்தின் வைஃபையில் சோதியுங்கள். போனில் நன்றாக இருந்து கம்ப்யூட்டரில் மட்டும் குறைவாக இருந்தால், லைன்காரர் மீது பழி இல்லை. மோடத்திலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் உள்ள ஏதோ ஒன்றுதான் காரணம். இரண்டிலும் குறைவு என்றால் லைனைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிப் போவது வீண் செலவு.

போனில் நன்றாக இருந்தால் முதல் சந்தேகம் கேபிள் மீதுதான். அதற்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. கதவிடுக்கில் நசுங்கினாலோ, எலி கடித்தாலோ, முனையில் உள்ள பிளாஸ்டிக் கிளிப் உடைந்து தொளதொள என்று ஆடினாலோ, நெட் முழுதாக நிற்காது, அரைகுறையாக ஓடும். அதனால்தான் நாம் அதைச் சந்தேகிப்பதில்லை. விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பகுதியில் ‘லிங்க் ஸ்பீட்’ என்று இருக்கும். அங்கே 1000 அல்லது 100 இருந்தால் பரவாயில்லை. 10 என்று காட்டினால் கேபிளை மாற்றிவிடுங்கள். வாங்கும்போது ‘கேட் 5ஈ’ அல்லது ‘கேட் 6’ என்று கேளுங்கள். மோடத்தில் வேறு துளையிலும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

கேபிள் மாற்றியும் சரியாகவில்லையா? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து ‘அட்வான்ஸ்டு’ பக்கத்துக்குப் போங்கள். ‘ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்’ என்பதில் ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ இருக்க வேண்டும். முன்பு யாராவது அதைக் கைவைத்து மாற்றியிருந்தால், மோடம் ஒரு முறையிலும் கம்ப்யூட்டர் வேறு முறையிலும் பேசும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அதே பக்கத்தில் ‘லார்ஜ் சென்ட் ஆஃப்லோட்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். அனுப்பும் தரவைத் துண்டு போடும் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி அது. சில கார்டுகளில் அதுவே அப்லோடை முடக்கிவிடும். அணைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். மாற்றம் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள். கார்டின் டிரைவரைப் புதுப்பிப்பதும் பல நேரம் பலன் தரும். கார்டே பழுதென்றால் யூஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எதுவும் பழுதாகாமலே அப்லோட் அடைபடுவதும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், வீட்டிலுள்ள நாலு போனும் படங்களையெல்லாம் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் ஒன்டிரைவும் தன் பங்குக்கு ஏற்றும். அந்த நேரம் டவுன்லோடும் மந்தமாகும். வந்து சேர்ந்த ஒவ்வொரு பகுதிக்கும் நம் கம்ப்யூட்டர் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் போக வழியில்லாவிட்டால் அடுத்தது வரத் தாமதமாகும். விண்ணப்பம் போடும் அரை மணி நேரம் இவற்றை நிறுத்தி வைத்தால் போதும்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் அப்லோட் குறைவு என்றால் மோடத்தை இரண்டு நிமிடம் அணைத்துப் போடுங்கள். சரியாகாவிட்டால் ஃபைபர் ஒயரைப் பாருங்கள். அது கண்ணாடி இழை. ஆணியில் சுருட்டி இறுக்கிக் கட்டினால் ஒளி கசியும். நம் பகுதியில் ஆடிக் காற்றில் மொட்டை மாடி ஒயர்கள் ஆடி உரசி, இணைப்பு முனைகள் தளர்வதும் உண்டு. அதை நாம் கழற்றக் கூடாது. முனையில் தூசி பட்டாலே கெடும், வெளிவரும் ஒளி கண்ணுக்கும் ஆகாது. லைன்காரர் பவர் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது கூட நின்று எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளில் மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையே இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ ஒட்டி இருந்தால் எப்போது வேண்டுமானாலும் தடுமாறும். சரிசெய்து தரச் சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். அந்த எண் இருந்தால்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத முடியும்.

சில நேரம் குற்றம் நம் வீட்டிலேயே இருக்காது. 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய உமீத் தளத்தில் வக்ஃப் சொத்துகளை 6 மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்றபோது, கடைசி நாட்களில் தளம் தடுமாறுகிறது என்று நாடெங்கும் முத்தவல்லிகள் முறையிட்டார்கள். உதவித்தொகைத் தளங்களிலும் கடைசி வாரத்தில் அதே நெரிசல்தான். வேகச் சோதனையில் அப்லோட் நன்றாக இருந்து குறிப்பிட்ட தளம் மட்டும் இழுத்தால், அதிகாலையில் முயன்று பாருங்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் தடையில்லாமல் ஏறிவிடும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்யும்போது 150 அல்லது 200 டிபிஐ அளவில் வைத்தால் எழுத்தும் தெளிவாக இருக்கும், ஃபைலும் சிறிதாக இருக்கும்.